பிரான்சிலும் ஊற்றிய கூழ்

பணக்கார நாடுகளிலும் ஏழைப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று போன வாரம் டிவியில் சொன்னார்கள். உலகப் படம் ஒன்றைப் போட்டு, அந்தக் காலத்தில் எங்கே எவ்வளவு, இந்தக் காலத்தில் எங்கே எவ்வளவு என்று கலர் கலராகக் காட்டினார்கள். நம் பக்கம் குறைந்துகொண்டு வருகிறதாம். சில வெள்ளைக்கார நாடுகளில் கூடியும் இருக்கிறதாம். "சும்மா வுடுறானுங்க மாமா" என்றார் பி.காம். படித்த என் மருமகன். நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆனாலும் எனக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அப்படி ஒரு பிள்ளை எங்கள் வீட்டிலேயே ஓர் ஆடி மாதம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இன்றைக்கு என்னிடம் நெல் அறுக்கும் மிஷின் மூன்று ஓடுகிறது. குருவிநத்தத்திலிருந்து உறுவையாறு வரைக்கும் என் மிஷின் இறங்காத கழனி கிடையாது, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அறுப்பு என்றால் என் அப்பாவும் அம்மாவும்தான் மிஷின். அபிஷேகப்பாக்கத்தில் அடுத்தவர் கழனியில் அறுத்து, கூலியாக வரும் நெல்லை அம்மா ஒரு பெரிய பானையில் கொட்டி, மூடியைச் சாணியால் மெழுகிவிடுவாள். நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான் அது திறக்கும். மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் கூழ். அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டேதான் நான் வளர்ந்தேன்.

அப்பாவின் தங்கையை ஒரு சொல்தாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிரான்சு பட்டாளத்தில் சேர்ந்தவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஏரோப்பிளேன் ஏறிப்போன அந்த அத்தை, பல வருஷம் கழித்து, என் வயதுப் பையனோடு லீவுக்கு வரப்போகிறாள் என்று தகவல் வந்தது. அன்றே அம்மா பானையைத் திறந்துவிட்டாள்.

"உன் தங்கச்சி எதிர்ல கூழ் குடிச்சேன்னு வையி, ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவா" என்றாள் அப்பாவிடம். எனக்கும் ஓர் உத்தரவு வந்தது. அத்தை மகன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் உட்கார வேண்டும். யாராவது கேட்டால், அப்பவே துன்னுட்டேன் என்று சொல்ல வேண்டும்.

அத்தை வந்து இறங்கினாள். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. "அங்கல்லாம் நகை போடறது ஃபேஷன் இல்ல அண்ணி" என்றாள். மறுநாளே அம்மா தன்னிடம் இருந்த ஒரே கம்மலைக் கழற்றி வைத்துவிட்டாள். பையன் அந்த வெயிலிலும் ஷூ போட்டிருந்தான். வாயில் வெல்லத்தை அடக்கிக்கொண்டு பேசுவது போல இருக்கும் அவன் தமிழ். ஆனால் சாப்பாட்டில் உட்கார்ந்தால் பேச்சே கிடையாது. இலையில் ஒரு பருக்கை மிஞ்சாது. திரும்பத் திரும்பக் கேட்பான். அத்தை அவன் தொடையில் கிள்ளுவாள். அம்மாவுக்கோ பெருமை தாங்காது, தன் கைப்பக்குவம் பிரான்சையே ஜெயித்துவிட்டதாக. நான் கதவுக்குப் பின்னால் நின்று, சோறு இறங்குவதைப் பார்த்து எச்சில் விழுங்குவேன்.

மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள் வந்தது. அன்றைக்கு மட்டும் பண்ணை வீட்டுக்காரரும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். ஆத்தா கூழுக்கு நிற்பதில் யாருக்கும் கூச்சமில்லை. அத்தை மகனும் ஒரு தூக்கை எடுத்துக்கொண்டு என்னோடு ஓடிவந்தான். அவன் நின்ற நிற்பைப் பார்த்து நான் அசந்துபோனேன். முட்டவில்லை, மோதவில்லை. தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பெரிய மனிதனைப் போல நகர்ந்தான்.

"எங்க ஊர்லயும் ஊத்துவாங்க" என்றான். "சூப்பு. ரொட்டியும் தருவாங்க."

"திருவிழாவுக்காடா?"

"இல்ல, குளிர் காலத்துல. டெய்லி. அம்மா மூஞ்சி தெரியாம துணி போட்டுக்கினு நிக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தூக்கை அவனிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மாவும் அத்தையும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பிரான்சு சோப்பு ஏதாவது கிடைக்குமா என்று எதிர்வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா! பிரான்சுலயும் மாரியாத்தா கோயில் இருக்குதாம்! டெய்லி ஊத்துறாங்களாம்! அத்தை முக்காடு போட்டுக்கினு வரிசையில நிக்குமாம்!"

அத்தையின் கை கீரைக்காம்பிலேயே நின்றுவிட்டது. எதிர்வீட்டு அக்கா வாயைத் திறந்தாள். அம்மா அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

"இருக்காதா பின்ன? நம்ம ஜனம் போன எடத்துலல்லாம் ஆத்தாவும் கூடவே போவா" என்றாள் அம்மா, குரல் சற்றும் பிசகாமல். "நீ போயி அவன் கையில இருக்கறத வாங்கியாடா, கொட்டிடப் போறான்."

எதிர்வீட்டு அக்கா "தாயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று மதியம் அம்மா சோறு வடிக்கவில்லை. கோயில் கூழையே எல்லோருக்கும் ஊற்றி, என்னையும் அவன் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நாங்க தெனம் குடிக்கறது இதாம்மா" என்று அத்தையிடம் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதா அண்ணி? நான் இந்த வூட்ல பொறந்தவதான" என்றாள் அத்தை.

பென்ஷன் வருவதற்கு முன்பே அந்தச் சொல்தா மாமா பட்டாளத்தை விட்டதும், அங்கே வேறு வேலை கிடைக்காமல் திரிந்ததும், கழுத்துச் சங்கிலி டிக்கெட்டாக மாறியதும் நான் மீசை முளைத்த பிறகு கேள்விப்பட்டவை. அந்தப் பையன் இன்று அங்கே பஸ் ஓட்டுகிறான். பிள்ளைகளைப் படிக்கவைத்து நன்றாக இருக்கிறான்.

அவர்கள் கிளம்புகிற நாளில் அம்மா பானையைக் கவிழ்த்து, மிச்ச நெல் அத்தனையையும் உரலில் குத்திப் புடைத்து, துணிப்பையில் கட்டி அத்தையின் பெட்டிக்குள் வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அங்கதான் ஆத்தா டெய்லி ஊத்துறாளே, அப்புறம் இன்னாத்துக்குமா நம்ம அரிசி?" என்று கத்தினேன்.

அத்தை என்னை இழுத்து, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அந்த வயிறு குலுங்கிக்கொண்டே இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு அத்தை சிரிக்கிறாள் என்று நினைத்து, நானும் சிரித்தேன்.