உறங்கட்டும் என்று சொன்னேன்

போன வாரம் முத்தையாபுரத்தில் கண் முகாம். நர்ஸுக்குப் படிக்கிற ஒரு சின்னப் பிள்ளை என் இமையைத் தூக்கி டார்ச் அடித்தது. சட்டென்று அதன் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். "கூச்சமா ஆச்சி?" என்று கேட்டுச் சிரித்தது. கூச்சம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் இது அது இல்லை, பயம்.

அந்தப் பிள்ளையின் கையில் டெட்டால் வாசம். அந்த வாசம் வந்தால் எனக்குப் பெரியாஸ்பத்திரி ஆம்பளை வார்டுதான்.

என் வீட்டுக்காரர் கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவர். காலில் கல் கட்டி இறங்குகிற காலம் அது. ஆழத்தில் காது உடைந்து ரத்தம் வரும். அவருக்கு இடது காது அப்படிப் போனதுதான். எங்கள் தெருவில் முக்கால்வாசி ஆம்பளைகள் செவிடு. கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள், தோளைத் தொட்டுத்தான் சோறு போடுவோம். சண்டை போடுவதற்குக்கூடத் தொட வேண்டும்.

ஒருநாள் மேலே வரும்போது வள்ளத்தின் அடிப்பலகையில் தலையின் இடது பக்கம் இடித்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் வாந்தி எடுத்தார். கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

நாசரேத்துப் பக்கத்துச் சிஸ்டர் ஒருத்தி, ஒல்லியாக, சத்தமாகப் பேசுகிறவள். மணிக்கு ஒருதரம் வந்து கண்ணில் டார்ச் அடிப்பாள். பேர் என்ன, இது எந்த ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பாள். தன் விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வாள். உள்ளங்காலில் சாவியால் கீறுவாள். "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேக்கிய?" என்றார் இவர். வார்டே சிரித்தது.

மறுநாள் மத்தியானம் வலப்பக்கமாகச் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சிஸ்டர் வந்து கூப்பிட்டாள். பதில் இல்லை. வந்ததிலிருந்து அவளிடம் வாயே திறக்காத நான் அப்போது சொன்னேன்:

"அந்தக் காது கேக்காது சிஸ்டர். உறங்கட்டும்."

நம்பித்தான் நகர்ந்தாள். குளிக்கிறவர்களின் காது அவளுக்கும் தெரியாததில்லை. எனக்கும் நல்லதைச் சொல்லிவிட்டோம் என்றொரு பெருமை. இரண்டு கட்டில் தாண்டிப் போனவள் நின்றாள். திரும்பி வந்து, மறுபக்கம் குனிந்து, நல்ல காதில் கத்தினாள். அசைவில்லை. இரண்டு கை நகத்தையும் அழுத்தினாள். இடது கை மட்டும் விலகியது. இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். வலது கண்ணின் பாப்பா சுருங்கியது. இடது கண்ணில் அது அகல விரிந்து அப்படியே நின்றது.

"ஏளா, இது உறக்கமில்ல," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோன பிறகு செபமாலையை எடுத்தேன், அருள்நிறை மரியே பாதியில் மறந்துபோனது. 'உறங்கட்டும்' என்ற என் சத்தம்தான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

மண்டையில் துளை போட்டு, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்தார். வலது கையில் பிடிமானம் திரும்பவில்லை. அதோடு கடல் முடிந்தது. பிறகு ரொம்ப காலம் என்னோடு இருந்துதான் போனார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவரிடம் நான் சொல்லவே இல்லை. சிஸ்டரும் சொல்லவில்லை. அவள் பேரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

இப்போது கல் கட்டிக் குளிக்கிறவர் யாருமில்லை, சிலிண்டர் மாட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த வார்டையும் இடித்துவிட்டார்கள். என்னை யாரும் இனிக் குற்றம் கேட்கப் போவதில்லை. ஆனாலும் வீட்டில் யாராவது மத்தியானம் அயர்ந்தால் போய் உலுக்கி எழுப்பிவிடுகிறேன். திட்டுகிறார்கள். திட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தோளிலிருந்து கையை எடுக்கிறேன்.