பொருள் கேட்டதற்கு ஐந்து புள்ளி

லண்டனில் எங்கள் வட்டார நூலகத்தின் பின்னறையில் கிழமைக்கு ஒருமுறை ஸ்கிரபிள் என்ற ஆங்கிலச் சொல்விளையாட்டு ஆடுகிறோம். எட்டுப் பேர், நாலு மேசை, மேசைக்கு நூறு எழுத்துக்கட்டைகள். அந்த நூறையும் எண்ணாமல் நான் ஆட உட்காருவதில்லை. முதல் நாள், டெரிக் என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதி என் முன்னால் மூன்று கட்டைகளை வைத்தார்: சி, டபிள்யூ, எம். ஓர் உயிரெழுத்துக்கூட இல்லை. "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? அகராதியில் இருக்கிறது, செல்லும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் ஊர் அக்கராயனில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். சண்டையில் இடம்பெயர்ந்து மரங்களுக்குக் கீழே வகுப்பு நடத்திய காலத்திலும் ஒரு விதியை விடவில்லை: ஒரு சொல்லைச் சொன்னால் எழும்பி நின்று பொருளும் சொல்லவேண்டும். ஒருநாள் ஒரு பெட்டை எழும்பி, "சேர், ஸ்னோவுக்குப் பொருள் சொல்லுறன். நீங்கள் அதைக் கண்டிருக்கிறியளோ?" என்று கேட்டாள். வகுப்பே விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தப் பழக்கத்தில் டெரிக்கிடம் ஏழு சொல்லுக்குப் பொருள் கேட்டுவிட்டேன். இங்கே ஒரு சொல்லைக் கேள்வி கேட்டால் அது சவாலாம். சொல் சரியென்றால் கேட்டவருக்கு ஐந்து புள்ளி வெட்டு. ஏழைந்து முப்பத்தைந்து. அப்படியே கிழமைக்குக் கிழமை கடைசியாக வந்தேன். குழுவை நடத்தும் பாபரா அம்மையார் மிகவும் அன்பாகச் சொன்னார்: "அடுத்த முறையும் தோற்றால் தொடக்கக்காரர் குழுவுக்குப் போங்கள். சந்தோசமாக இருப்பீர்கள்." அது இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடம். என் முழங்காலுக்கு ஒரு பஸ்ஸே அதிகம். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் என்னோடு மனிதர் பேசுவது இந்த மேசையில் மட்டும்தான்.

ஆகவே அகராதியோடு குந்தினேன். சி, டபிள்யூ, எம் என்றால் மலைச்சரிவில் உள்ள பள்ளம். இரண்டு 'ஏ' சேர்ந்தால் கரடுமுரடாக உறைந்த எரிமலைக் குழம்பு. கூரைக்குப் போடும் கல்லை வெட்டும் கருவிக்கும் மூன்றெழுத்தில் ஒரு பெயர். இத்தனையும் வைத்து ஆடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. எனக்கு இரவில் நித்திரை வரவில்லை.

மறுபடி டெரிக்கோடு ஆட்டம். என்னிடம் இருந்த எழுத்துகளில் 'அனிகட்' என்று வைத்தேன். "இப்படி ஒரு சொல்லா? சவால்!" என்றார். பாபரா பார்த்தார், சரியான சொல். டெரிக்குக்கு ஐந்து வெட்டு. நான் எழும்பி நின்றேன். "இது எங்கள் அணைக்கட்டு. வெள்ளைக்காரன் எங்களிடம் எடுத்தது. ஆற்றை மறித்து, தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பி..."

"இருங்கள் ஐயா," என்றார் டெரிக். "பொருள் வேண்டாம். உங்கள் கட்டைகளை எடுங்கள்."

இருந்தேன். முழு ஊருக்கும் சோறு போட்ட ஒன்று அவருக்கு வெறும் ஆறு கட்டைகள்.

ஆனாலும் ஒன்பது புள்ளி முன்னால் நின்றேன். இன்னும் ஒரு சொல் வைத்தால் மேசை எனக்கு. ஆளுக்கொன்றாக ஓடும் ஆட்ட மணிக்கூட்டில் எனக்கு நாலு நிமிடம் மிச்சம். அது முடிந்தால் தோல்வி. அப்போது அக்கராயனிலிருந்து தங்கச்சி பவளத்தின் அழைப்பு.

"அண்ணை, குளம் வான் பாயுது! கேளுங்கோ!"

"விளையாட்டில இருக்கிறன், பிறகு எடு."

"இந்த வயசில என்ன விளையாட்டு? சனம் முழுக்க வான்கட்டில நிக்குது. நீங்கள் அங்க குளிருக்க குந்திக்கொண்டிருங்கோ!"

அவள் போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டியிருக்கவேண்டும். குளம் நிரம்பி வான்கட்டுக்கு மேலால் வழியும் இரைச்சல் காதுக்குள் விழுந்தது. டெரிக் என் மணிக்கூட்டை விரலால் தட்டிக் காட்டினார். மூன்று நிமிடம். வைக்கவேண்டிய சொல் எனக்குத் தெரியும்; பொருளும் தெரியும். இரண்டு. வலது கையில் ஓர் எழுத்தைப் பிடித்தபடி, இடது காதில் குளத்தை வைத்துக்கொண்டு, நான் அப்படியே இருந்தேன்.