ஈரம் இழுக்கும் பொட்டலம்

ஷூ பெட்டிகள் வந்து இறங்கினால் அனுசியா முதலில் அளவு பார்ப்பதில்லை. மூடியைத் திறந்து, மெல்லிய காகிதத்துக்கு அடியில் விரலை விட்டுத் துழாவி, அங்கே கிடக்கும் சின்ன வெள்ளைப் பொட்டலத்தை எடுக்கிறார். உள்ளே ஜவ்வரிசி போல் மணிகள், வெளியே 'இதைத் தின்னாதே' என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை. ஈரத்தை இழுத்துக்கொள்வதற்காகக் கம்பெனிக்காரன் போட்டு அனுப்புவது. பதினாறு ஜோடி ஷூ, பதினாறு பொட்டலம். எல்லாம் கைப்பையில் இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போன பிறகுதான், "அஞ்சாம் நம்பர் எத்தன வந்துருக்கு?" என்று கேட்கிறார்.

"என்னத்தா, அத வச்சு ஊறுகாயா போடப் போற?" என்பார் கோச் கோட்டைச்சாமி. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். நாலு வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அனுசியாவும் நாலு வருடமாகப் பதில் சொன்னதில்லை.

போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில், சிலமலைக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கொட்டகையும் ஒரு மண் மைதானமும் இருக்கின்றன. 'ஏலமலை வீராங்கனைகள்' என்ற மகளிர் கபடி அணியின் தலைமையகம் அதுதான். அனுசியா அதன் பொது மேலாளர். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் இருக்கிறது. கார்டில் இல்லாத வேலைகள் வேறு: வேன் பிடிப்பது, பன்னிரண்டு பெண்களின் கல்லூரிகளுக்கு விடுப்புக் கடிதம் எழுதுவது, பிசகிய முழங்காலுக்கு ஐஸ் கட்டி தேடுவது, லீக் கமிட்டிக் கூட்டத்தில் ஒன்பது ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து அவர்கள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து பிறகு தன் காரியத்தைச் சாதித்துக்கொண்டு எழுவது. அறிவிப்பாளர் வராத நாளில் மைக்கையும் அவரே பிடித்துவிடுவார். "சோலி பாதி, சண்டை பாதி" என்பார் சிரித்துக்கொண்டே.

மைக் அவருக்குப் புதிதில்லை. பதினாறு வயதில் ஓர் இன்னிசைக் குழுவில் சேர்ந்தவர். பதினோரு வருடம் பாடினார். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பாடாத கோயில் கொடை இல்லை. மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு அவர்தான் பாட்டு. மைக் செட்டையும் தாளக் கருவிகளையும் ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டு வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே போய், இறங்கியதும் வாயைக் கொப்பளித்துவிட்டு மேடை ஏறியவர்.

இருபத்தேழாவது வயதில் கழுத்தில் ஒரு கட்டி. மதுரையில் அறுவை சிகிச்சை. டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் அறுத்தார். உயிர் தங்கியது, பேச்சும் திரும்பியது. மேலே ஏறும் குரல் மட்டும் திரும்பவில்லை. ஒரு வருடம் பார்த்தார். அதன்பின் போடியில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் பேசுகிற வேலைக்குப் போனார். போனில் கூப்பிடுகிறவர்களிடம் ஊர், பெயர் விசாரித்து அவர்கள் கேட்ட பாட்டைப் போடுவது. பத்து வருடத்தில் அந்தச் சேனலின் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பொறுப்பாளர் ஆனார். கபடிப் போட்டியை நேரடியாக ஒளிபரப்பப் போன இடத்தில், எந்த அணி எப்போது ஆடுகிறது என்று யாருக்கும் தெரியாத குழப்பத்தைக் கண்டு, பொறுக்காமல் ஒரு தாளை வாங்கி நேர அட்டவணை எழுதினார். அன்றைக்கு எழுத உட்கார்ந்தவரை இன்றுவரை யாரும் எழுந்திருக்க விடவில்லை.

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் பழைய பாட்டுக்காரி வெளியே வருவார். புதிதாக வரும் பெண் 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு எதிர்க்கோட்டுக்கு ஓடித் திரும்ப வேண்டும். அனுசியா பார்க்க மாட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, விரலால் தொடையில் தட்டி எண்ணிக்கொண்டிருப்பார். "காலப் பாக்குறது சார் சோலி. மூச்சு என் சோலி" என்பார். யாராவது இடையில் மூக்கால் துளி காற்றை இழுத்தால் தட்டுகிற விரல் நின்றுவிடும். பல நடுவர்களுக்குக்கூடக் கேட்காத திருட்டு மூச்சு அது. பாடுகிறவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்த திருட்டுதான் என்பதால் அவருக்குக் கேட்டுவிடும்.

இவ்வளவு இருந்தும் அவரிடம் ஒன்று இல்லை. அவர் பாடிய பாட்டு ஒன்றுகூட இல்லை.

குழுவின் சவுண்டு மிக்சர்காரர் பதிவு செய்த கேசட்டுகளின் மேலேயே அடுத்த ஊர்க் கச்சேரியைப் பதிவு செய்வார். பாட்டைப் பதிவு செய்கிற கைப்பேசி வருவதற்குள் அனுசியாவின் குரல் போய்விட்டது. மிச்சம் இருப்பது கல்யாண வீடியோக்கள்தான். அதற்காகவே சேனலைவிட்டு வரும்போது அங்கே தூசி படிந்து கிடந்த, வீடியோ கேசட் ஓட்டும் டெக் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். ஆட்டக்காரப் பெண்களைத் தேடி எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், உயரம், எடை, படிப்பு எல்லாம் விசாரித்து முடித்து எழுந்திருக்கும்போது, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்பார்: "வீட்ல பழைய கல்யாணக் கேசட்டு எதுவும் கெடக்கா?"

இதுவரை நாலு கிடைத்தன. நாலிலும் அவர் இருக்கிறார். ஊதா நிறப் பட்டு, காதில் பெரிய வளையம், ஒரு கையில் மைக். வாயைத் திறக்கிறார், தலையைச் சாய்க்கிறார், கண்ணை மூடி ஓர் இடத்தில் நின்று இழுக்கிறார். சத்தம் மட்டும் அவருடையது இல்லை. அந்தக் கால வீடியோக்காரர்கள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, பதிவான சத்தத்தை அழித்துவிட்டு சினிமாப் பாட்டை மேலே ஓட்டிவிடுவார்கள். அதுதான் நாகரிகம். மூன்று கேசட்டில் அனுசியாவின் வாயிலிருந்து யாரோ ஒரு பின்னணிப் பாடகி பாடுகிறார். நாலாவதில் ஓர் ஆண் பாடுகிறார். அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சொல்வார். சிரித்த பிறகு என்ன செய்தார் என்று சொல்ல மாட்டார்.

அந்தக் காலத்தில் அவர் பாட்டைக் கேட்டவர்களை விசாரித்தாலும் பிரயோசனமில்லை. "நல்லாத்தேன் பாடுவீக" என்கிறார்கள். நல்லா என்றால் எப்படி? கனத்த குரலா, மெலிந்த குரலா? மேலே போகும்போது நடுங்குமா, நிற்குமா? பாடிக்கொண்டிருந்தபோது அவருக்குக் கேட்டதெல்லாம் தாளமும் கூட்டமும்தான். நாற்பத்தாறு வயதில் அவருக்கு வேறு ஆசை இல்லை. அந்தக் குரலைத் தன் காதால் ஒரே ஒரு தரம் கேட்க வேண்டும். அந்த ஏக்கம் பசிபோல நேரத்துக்கு நேரம் வந்து நிற்கிறது.

இந்த ஏப்ரலில் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில், வழக்கமான கேள்வியைக் கேட்டார். அந்த வீட்டுக்காரி மகாராணி, ஏலக்காய் எடுக்கிறவர். மகள் ரோஜா பிளஸ் டூ முடித்திருந்தாள்.

"கேசட்டு கெடக்கு சேச்சி. எங்க கல்யாணத்துல நீங்கதான பாடுனீக. ஆனா அதுல சினிமாப் பாட்டே சேக்கல" என்றார் மகாராணி. "வீடியோ எடுத்த மொக்கச்சாமிண்ணே கல்யாணம் முடிஞ்ச வாரத்துலயே திருப்பூருக்குப் போயிட்டாக. எடுத்தது எடுத்தபடியே அவுக ஆத்தா கொண்டாந்து குடுத்துச்சு. டெக்கு ஏது எங்ககிட்ட? ஒருக்காகூடப் பாக்கல. எங்கம்மா வீட்டு ட்ரங்குப் பொட்டியில இருக்கும்."

எடுத்தது எடுத்தபடியே. அப்படியென்றால் அழிக்காத சத்தம். அனுசியா நாற்காலியில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "செலக்சனுக்கு வரும்போது தேடிக் கொண்டாறேன்" என்றார் மகாராணி.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை தேர்வு. காலை ஜீப்பில் தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். மகாராணி துணிப்பையைத் திறந்து கேசட்டை நீட்டினார். அனுசியா வாங்கி, வெயிலுக்கு எதிரே பிடித்து, அதன் சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியாக உள்ளே பார்த்தார். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள். பூஞ்சை. சேனலில் எத்தனையோ கேசட்டுகள் இப்படிச் செத்ததைப் பார்த்தவர். மலையில் இன்னொரு மழைக்காலத்தை இது தாங்குவது சந்தேகம்தான்.

"வச்சுக்கங்க சேச்சி" என்றார் மகாராணி. அதே மூச்சில், "எம்புள்ளயப் பாத்துக்கங்க. டீமுல சேந்தா காலேசு சீட்டு கெடைக்குமாம்ல. என்னையமாதிரி அவளும் காய் எடுக்கவா?"

அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டிருந்தால் அனுசியா கேசட்டை வாங்கிக்கொண்டிருப்பார். மகாராணிக்கு அது தோன்றவில்லை. பெற்றவளுக்கு எப்படித் தோன்றும்? கேசட்டைப் பிடித்த கை இறங்க மறுத்தது. இறக்கினார். பைக்குள் திருப்பி வைத்தார்.

"லிஸ்ட்டு ஒட்டட்டும் மகாராணி. அதுவரைக்கும் உம்பையிலயே இருக்கட்டும்."

பதினோரு பேர் முடிவாகி, கடைசி இடத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி தேவாரத்துப் பெண் பொன்னுமணி. கால் கொஞ்சம் மந்தம். ஆனால் இருபத்தெட்டு எண்ணும்வரை மூச்சு அறுபடவில்லை. இன்னொருத்தி ரோஜா. ஏற்றத்தில் ஏறி இறங்கிய கால், கோட்டைத் தொட்டுவிட்டுச் சிட்டாகத் திரும்பினாள். கோட்டைச்சாமி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அடி ஆத்தீ" என்றார்.

அனுசியாவின் விரல் இருபத்திரண்டில் நின்றிருந்தது.

"இன்னொரு வாட்டி ஓடு" என்றார். அது அந்தப் பெண்ணுக்காகவா தனக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. ரோஜா ஓடினாள். பத்து, பதினைந்து, இருபது. எண்ணிக்கொண்டே மனசுக்குள் கெஞ்சினார். இருபத்திரண்டில் மறுபடி அந்தத் துளிக் காற்று.

"காலு அருமையா இருக்கு, சேத்துக்கலாம் ஆத்தா" என்றார் கோட்டைச்சாமி. அந்த மைதானத்தில் வேறு யார் காதிலும் அந்தத் திருட்டு மூச்சு விழவில்லை. ரோஜாவின் பெயரை எழுதினால் கேட்க ஆளில்லை. மாலையே டெக்கின் மேல் போர்த்திய துணியை எடுத்துவிடலாம்.

அனுசியா பேனாவை மூடினார், திறந்தார். "மூச்சு திருடுறா சார். மேட்ச்சுல அதுக்குப் பாயிண்டு போகும்" என்றார். பன்னிரண்டாவது பெயராகப் பொன்னுமணி என்று எழுதினார். கையெழுத்து வழக்கத்தைவிடக் கோணலாக விழுந்தது.

மூன்று மணிக்குப் பட்டியல் கொட்டகைத் தூணில் ஒட்டப்பட்டது. ரோஜா மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள், அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மகாராணி சண்டை போடவில்லை. துணிப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, "அப்ப வர்றோம் சேச்சி" என்றார். பையை நீட்டவில்லை. லிஸ்ட் ஒட்டிய பிறகு என்று சொன்னவர் வாய் திறந்து கேட்கட்டும் என்று ஒரு நிமிடம் நின்றார்.

அனுசியாவால் கேட்க முடியவில்லை. பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு அந்தத் தாயிடம் எந்த முகத்தோடு கேசட்டைக் கேட்பது? அறுத்த தழும்பு ஏறி இறங்கியது.

ஜீப் ஹாரன் அடித்தது. தாயும் மகளும் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். அனுசியா கைப்பையோடு மைதானத்தைக் கடந்து வேகமாக வந்து, முதலில் ரோஜாவிடம் பேசினார்.

"இருபத்திரெண்டுல மூக்கால இழுக்குற. ரெண்டு தடவையும் இழுத்த. தெரியுமா?"

ரோஜா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. தோட்டத்துக்கு ஏறும்போது பாடிக்கிட்டே ஏறு. வெரசா வேணாம், நிதானமா. ஒரு வருசம் ஏறு."

"அடுத்த வருசமும் கூட்டியாரட்டா சேச்சி?" என்றார் மகாராணி, முகத்தைப் பார்க்காமல்.

"கூட்டிட்டு வா."

பிறகு மகாராணியின் மடியிலிருந்த பையின் வாயைப் பிரித்தார். மகாராணி தடுக்கவில்லை. எடுத்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்திருப்பார். அனுசியா தன் கைப்பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அப்படியே பைக்குள் கவிழ்த்தார். நாலு வருடத்துப் பொட்டலங்கள் கேசட்டின் மேலும் கீழும் உதிர்ந்தன.

"இது எதுக்கு சேச்சி?"

"ஈரம் இழுக்கும். மழை வருதுல்ல" என்றார் அனுசியா. டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்த கடைசிப் பொட்டலத்தையும் நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டு, பையின் வாயைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினார்.