அசனத்துக்குப் போன ஈயச்சட்டி

என் அக்காள் புருஷன் தேவசிகாமணியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றுக்கு மேல் தேறவில்லை. திருடமாட்டார். குடிக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போதே வேதக்கோயிலுக்குப் போய், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிடுவார். மிச்சமெல்லாம் கோளாறுதான்.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், வாழைத் தோட்டங்களை ஒட்டி அவர் வீடு. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மனிதர்கள் சர்க்கரை மாத்திரை, பேப்பர், சாயங்கால நடை என்று அடக்கமாக இருப்பார்கள். அத்தானுக்கு மட்டும் ஈயம் காய்ச்சி வலைக்குண்டு வார்க்கிற கிறுக்குப் பிடித்தது. ஆற்றிலும் குளத்திலும் வீச்சு வலை போடுகிறவர்கள் வலையின் ஓரத்தில் காரீயக் குண்டு கட்டுவார்கள். குண்டெல்லாம் ஒரே எடையில் இருந்தால்தான் வலை வட்டமாக விரிந்து விழும், கடைக் குண்டு அப்படி இல்லை என்று யாரோ இவரிடம் சொல்லிவிட்டார்கள். அந்த யாரோவை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பழைய இரும்புக் கடையில் ஒரு காலி கேஸ் சிலிண்டர் வாங்கினார். வால்வைக் கழற்றி, வாய்வரைக்கும் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் அப்படியே வைத்திருந்து, அதற்கப்புறம்தான் அறுக்கக் கொடுத்தார். சும்மா அறுத்தால் உள்ளே மிச்சமிருக்கும் கேஸ் வெடித்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்று அவருக்குத் தெரியும். தன் உயிர் விஷயத்தில் அத்தான் எப்போதும் கவனம்.

கீழ்ப்பாதி சட்டியாயிற்று. அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி பற்றவைத்தார். மூடிப்போன டீக்கடை ஒன்றிலிருந்து பெரிய பர்னர் வந்தது. கார்ச் சக்கரத்தில் எடை சரிபார்க்க அடிக்கிற ஈயக்கட்டிகளை டயர் கடைகள் கழற்றிப் போடும் அல்லவா, அதையெல்லாம் மூட்டை மூட்டையாக வாங்கி வந்தார். இத்தனையையும் வைத்துக் காய்ச்ச அவருக்குக் கிடைத்த இடம், அடுப்படி ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தடி. ஜன்னலுக்கு உள்ளே என் அக்காள் ஜெமிமா காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்பாள்.

"ஏங்க, இந்தப் பொகை ஒடம்புக்கு ஆவுமா?" என்று அவள் முதல் நாளே கேட்டாள்.

"ஒண்ணுஞ் செய்யாது. வலக்காரன் குண்டப் பல்லால கடிச்சுத்தான் கட்டுதான். செத்தா போயிட்டான்?"

இந்தப் பதிலை நம்பி ஆறு வருஷம் சமைத்தாள். நடுவில் மூன்று கோழிகள் செத்தன, வெயில் என்றார். அக்காளுக்குத் தலைவலி வந்தது. கண்ணாடி மாற்றச் சொன்னார். விரல் மரத்துப்போகிறது என்றாள், வயசு என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது.

இரண்டாவது வருஷம் அவருக்கே வயிற்றைப் பிசைந்து வலித்தது. பாளையங்கோட்டை டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது, அந்த வேலையை நிறுத்துங்கள், வீட்டாளை அந்தப் பக்கமே விடாதீர்கள், முகமூடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள் என்றார். மூன்று சொன்னதில் கடைசி ஒன்றை மட்டும் அத்தான் கேட்டுக்கொண்டார். அதுவும் தனக்கு. வீட்டில் வந்து, "வாயுக் கோளாறாம், பூண்டு சாப்பிடச் சொன்னாரு" என்றார். அக்காள் ஒரு மாதம் காப்பியைத் தவிர எல்லாவற்றிலும் பூண்டு போட்டாள். முகமூடி எதற்கு என்று கேட்டதற்கு, தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இந்த டாக்டர் கதை எங்களுக்குத் தெரிய வந்தது இந்த வருஷத்து அசனத்தன்றுதான்.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு நாள் அசனம். கோயில் பந்தலில் ஊரே உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிடும். பாத்திரங்கள் வீட்டுக்கு வீடு இரவல். சரியாகத் திரும்பி வரவேண்டுமே என்று எல்லாவற்றிலும் பேர் இருக்கும். பாக்கியசீலன் வாத்தியார் சம்சாரம் பிரிஸில்லாவின் அண்டாவில் இருக்கிற பேரைப் பந்தலின் கடைசியிலிருந்து கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம். என் அக்காள் வருஷா வருஷம் கொடுப்பது ஒரு தூக்குவாளி. அதில் உப்பு வைப்பார்கள். இந்த வருத்தம் அவளுக்கு வெகுநாளாக உண்டு.

இந்த வருஷம் ரச அண்டா காலையிலேயே ஒழுகிவிட்டது. பெரிய பாத்திரம் யார் வீட்டில் இருக்கிறது என்று எங்கள் பாதிரி ஐயர் மைக்கில் கேட்டார். அத்தான் ஈயக்கட்டி வாங்க அம்பாசமுத்திரம் போயிருந்தார். அக்காள் யாரையும் கேட்கவில்லை. முருங்கை மரத்தடிச் சட்டியை எடுத்து, மணலும் புளியும் சாம்பலும் போட்டு, கைத்தோல் உரியும்வரை தேய்த்தாள். ஈயம் ஒன்றும் செய்யாது என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறதே! வெளிப்பக்கம் சிவப்புப் பெயிண்டில் 'ஜெமிமா தேவசிகாமணி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஆள் வைத்துக் கோயிலுக்கு அனுப்பினாள். முழுசாக முந்நூறு பேருக்குக் காணாது. பந்திக்குப் பந்தி வைத்துக்கொள்ளலாம் என்றார் சமையல் சுடலையாண்டி.

முதல் பந்தி உட்கார்ந்தாயிற்று. நான் ரசம் விளம்ப வாளியோடு சட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஐயர் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். அவர் ஜெபம் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. ஆமென் சொல்வதற்கு முன்பே அத்தானின் மொபெட் பந்தலுக்குள் வந்துவிட்டது. காலடியில் ஈயமூட்டை, தாடையில் தொங்குகிற முகமூடி. வீட்டில் சட்டியைக் காணாமல், பக்கத்து வீட்டு மாரிக்கண்ணுவிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

இறங்கினார், ஓடினார், சட்டியைக் காலால் எட்டித் தள்ளினார். கொதிக்கக் கொதிக்க ரசம் முழுதும் மண்ணில். பாதி அவர் காலில். ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே, "கால் தடுக்கிட்டு, கால் தடுக்கிட்டு" என்றார்.

"கண்ணு அவிஞ்சா போச்சு வே?" என்றார் சுடலையாண்டி. பந்தி முழுக்கச் சிரிப்பு. அத்தானும் கூடச் சிரித்தார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. திட்டு வாங்கிக்கொண்டு சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் அக்காள் விடுவாளா? வருஷக் கணக்கில் காத்திருந்து பேர் எழுதிய சட்டி. குனிந்து தூக்கினாள். "அண்ணாச்சி, புளி கரைச்சது மிச்சம் இருக்குல்லா? கழுவித் தாரேன், இன்னொருக்க வையுங்க."

"பத்து நிமிசத்துல வச்சிருதேன், கொண்டா தாயி."

அத்தானின் சிரிப்பு நின்றது. "ஜெமிமா, அத அங்கன வையி."

"ஏன்?"

"அதுல வைக்கப்படாது. ஈயம் காய்ச்சின சட்டி."

"அது எனக்குத் தெரியாதா? ஒண்ணுஞ் செய்யாதுன்னு நீங்கதான சொன்னிய?"

முந்நூறு பேரும் பார்க்கிறார்கள். ஐயர் இன்னும் ஆமென் சொல்லவில்லை. அத்தான் ஒருமுறை சட்டியைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். விஷம் என்றார். நாலு வருஷத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். வாயு பொய், பூண்டு பொய், தூசி பொய். சொன்னால் அவள் காய்ச்ச விடமாட்டாள் என்று பயந்துதான் சொல்லவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அந்த முகமூடி அவர் தாடையில் ஆடிக்கொண்டே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையை ஓங்கினேன். கையில் வாளி இருந்ததால் தப்பித்தார்.

அக்காள் கத்தவில்லை. சட்டியைக் கீழே வைத்தாள்.

"முந்நூறு பேரு குடிச்சிருவாகன்னு வண்டிய முறுக்கிட்டு வந்தியளே. நாலு வருசமா ஒருத்தி ஜன்னலுக்கு அங்கிட்டே நிண்ணாளே, அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை வரலியா?"

அத்தான் தாடையிலிருந்த முகமூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்தார். ஐயர் மெதுவாக ஆமென் சொன்னார். அன்றைக்கு எல்லா இலைக்கும் ரசத்துக்குப் பதில் மோர் ஊற்றினோம்.

மறுநாள் அக்காளைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அவள் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. அத்தானுக்கு இருந்ததைவிட இரண்டு மடங்கு. மருந்து கொடுத்திருக்கிறார்கள், விரல் மரப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகுமா என்று டாக்டர் சொல்லமாட்டேன் என்கிறார். பர்னரைத் தூக்கி வெளியே எறிந்தாயிற்று. மரத்தடி மண்ணையும் ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்தாயிற்று. வெட்டியவர் அத்தான்தான்.

பேர் எழுதியிருந்ததால் சட்டி மட்டும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. அக்காள் அதை முன்னறையில் அத்தானுடைய நாற்காலியில், சிவப்பு எழுத்து வாசலைப் பார்க்கும்படி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் இது என்ன என்று கேட்கிறார்கள். "அவுகளையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். அத்தான் தரையில் உட்கார்ந்தபடி முதலிலிருந்து சொல்வார்.