ஆம்பூர் எந்த மாவட்டம்?

நடந்தது இதுதான்:

1. சமூக ஊடகங்களில் வரும் பொய்ச் செய்திகளை மாணவர்களால் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதுதான் எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட். செய்தவர்கள் நானும், தினமும் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ரயிலில் வந்துபோகும் என் தோழியும்.
2. ப்ராஜெக்ட்டின் வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு முந்தைய நாள் மாலை நல்ல மழை.
3. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆட்சியர் பெயரில் ஓர் அறிவிப்பு வந்தது. நாளை விடுமுறை.
4. முத்திரை, கையெழுத்து, தேதி மூன்றையும் பார்த்தேன். அது ப்ராஜெக்ட்டுக்காக நானே தயாரித்த சரிபார்ப்புப் பட்டியல்.
5. "லீவு கன்ஃபர்ம்" என்று அவளுக்கு அனுப்பினேன்.

காலையில் விடுதி அறைத்தோழி பையை மாட்டிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிக்காரி. அறிவிப்பைக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"ஆம்பூர், வாணியம்பாடி உட்பட வேலூர் மாவட்டம் முழுவதும்னு போட்ருக்கே. ஆம்பூர் இப்போ திருப்பத்தூர் மாவட்டம்லா? பழசுல தேதிய மட்டும் மாத்திருக்கான்."

மாவட்டம் பிரிந்து வருடங்கள் ஆகின்றன. ஆனால் எங்கள் பக்கத்தில் ஊரைக் கேட்டால் இன்னும் வேலூர் மாவட்டம் என்றுதான் வாயில் வரும். அந்த வரி எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

வைவா பதினொரு மணிக்கு. வராதவர்களுக்கு அடுத்த செமஸ்டர்தான். தோழிக்கோ ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை காத்திருந்தது, இந்த செமஸ்டரில் படிப்பை முடித்தால். உடனே அவளுக்கு ஃபோன் போட்டு, லீவு இல்லை என்றேன்.

"இன்னாடி சொல்ற? நீதான கன்ஃபர்ம்னு போட்ட!"

"பொய்டி அது. கெளம்பு."

"தலைல எண்ணெ வெச்சினு உக்காந்துனுகீறேன்டி, பேஜார் புடிச்சவளே!"

"எண்ணெயோட வா. பஸ்ஸ புடி."

தேர்வாளரிடம் உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். எங்கள் முறையைக் கடைசிக்குத் தள்ளினார்.

பன்னிரண்டரைக்கு அவள் வந்தாள், நெற்றியில் எண்ணெய் வழிய. தேர்வாளர் என் ஃபோனை வாங்கி அந்த அறிவிப்பையே அவளிடம் நீட்டினார்.

"இதுல என்ன தப்பு?"

இரண்டு முறை படித்தாள். "ஒண்ணும் இல்லியே சார். சரியாத்தான இருக்கு."

"உங்க ஊரு எந்த மாவட்டம்மா?"

"வேலூர், சார்."

நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அறிவிப்பைப் பார்த்தாள், நாக்கைக் கடித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "சார், இதத்தான் சார் நாங்க ப்ராஜெக்ட்ல சொல்லிருக்கோம். தெரிஞ்ச ஊர் பேர் இருந்தா யாரும் செக் பண்றதில்ல."

அறிக்கையில் அப்படி ஒரு வரியே கிடையாது. அவர் மதிப்பெண் போடும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

இருவரும் தேறினோம். அந்த வரியை அன்று மாலையே அறிக்கையில் சேர்த்தோம். அவள் இப்போது அந்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள்.