காக்கா நம்பிய பிளாஸ்டர்

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். என் மூத்தவர், காக்கா, மௌத்தாகி மண்ணில் அடங்கி ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். கூடப்பிறந்த ஒரே தம்பி என்ற காரணத்துக்காகப் பேனை என் கைக்கு வந்திருக்கிறது. நல்லதை நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு எழும்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனம் கேட்கவில்லை.

காக்கா கல்முனைக்குடியில் எங்கள் உம்மா வாப்பாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அவருக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது வாப்பா காய்ச்சலில் மௌத்தானார்கள். அதோடு காக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாவிதன்வெளிப் பக்கம் ஒரு நெல் மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். பிறகு அதே மில்லுக்கு மேற்பார்வையாளரும் ஆனார். தங்கச்சிமார் இருவருக்கும் வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் முடித்து வைத்தார். என்னைப் படிப்பித்துக் கந்தோர் உத்தியோகத்தில் இருத்தினார். காக்காவின் மனைவி, என் மதினி, அவருக்கென்று வாங்கிய புதுச் சேட்டுகள் பல என் உடம்பில்தான் கிழிந்தன.

இரத்தம் கொடுக்கும் பழக்கம் காக்காவுக்கு மில்லில்தான் வந்தது. ஒருநாள் மெஷின் பட்டியில் ஒரு தொழிலாளியின் கை அகப்பட்டுக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இரத்தம் வேண்டும் என்றார்கள். கூடப் போன எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, காக்கா சேட்டுக் கையை மடித்துக்கொண்டு போய்ப் படுத்தார். அதன்பின் நாலு மாதத்துக்கு ஒருமுறை அவர் கொடுக்கத் தவறியதில்லை. தான் கொடுப்பதோடும் நிற்கவில்லை. முதலாளியைக் கெஞ்சி, சாக்கு அறையைத் தானே கழுவித் துடைத்து, இரத்தம் எடுப்பவர்களை மில்லுக்கே வரவழைத்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊருக்கு ஊர் சோதனைச்சாவடி. பக்கத்து ஊருக்குப் போய்வரவே தமிழரும் முஸ்லிம்களும் யோசித்த காலம். மில்லில் மட்டும் இரண்டு பகுதியாரும் ஒன்றாக மூட்டை தூக்கினார்கள். முதல் இரத்ததான முகாமன்று பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வரும் கதிரேசன் அண்ணன் வாசலில் நின்றுகொண்டு கேட்டாராம்.

"இது ஆருக்குப் போகும் மேஸ்திரியார்? எங்கட ஆக்களுக்கா, உங்கட ஆக்களுக்கா?"

"பையில ஆருட பேரும் எழுதுறல்ல கதிரேசா. ரத்தக் குறூப்தான் எழுதுற. பயமெண்டா பயமெண்டு சொல்லு, நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

கதிரேசன் அண்ணனுக்கு ரோசம் வந்துவிட்டது. அன்று முதலில் படுத்தவர் அவர்தான். இரத்தம் கொடுத்தவர்களை அன்றைக்கு மூட்டை தொட காக்கா விடமாட்டார். சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைப்பார். கொஞ்ச நாளில் ஆட்களின் பெயரை விட்டுவிட்டுக் குறூப்பைச் சொல்லியே கூப்பிடத் தொடங்கினார். "ஓ பொசிட்டிவ், சாப்பிட்டயா?" என்று அவர் களத்தில் நின்று கத்தினால் ஐந்து பேர் திரும்பிப் பார்ப்பார்களாம்.

இனி என் கதை. எங்கள் கந்தோரிலும் ஒரு முகாம் வைக்க வேண்டுமென்று காக்கா பிடிவாதமாக நின்றார். சைக்கிளில் வந்து எங்கள் மேலதிகாரியோடு கதைத்துச் சம்மதிக்க வைத்தார். விளம்பரத்தை என் அழகான கையெழுத்தில் நான்தான் எழுதினேன். தயங்கிய சக ஊழியர்களுக்குப் பெரிய பிரசங்கமும் செய்தேன். முகாமன்று வரிசையில் எனக்கு முன்னால் படுத்தவரின் கையில் ஊசி ஏறுவதைக் கண்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அரை மணித்தியாலம் கழித்து வெளியே வந்தபோது மேசையில் பஞ்சும் பிளாஸ்டரும் கிடந்தன. யாரும் பார்க்கவில்லை. எடுத்து என் முழங்கை மடிப்பில் ஒட்டிக்கொண்டேன்.

மத்தியானம் காக்கா வந்தார். பிளாஸ்டரைப் பார்த்தார். என் தலையைத் தடவினார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் கண்டவரிடமெல்லாம், "என்ட தம்பியும் குடுத்திட்டான்" என்று சொன்னார். என் மனைவி மூன்று நாள் ஈரல் சமைத்துத் தந்தாள். வெட்கமில்லாமல் நானும் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். மில் முற்றத்தில் நெல் லொறி பின்னுக்கு வந்தபோது காக்கா சுவருக்கும் லொறிக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். தொடை எலும்பு முறிந்து இரத்தம் கொட்டியது. நான் கந்தோரிலிருந்து ஓடிப்போனபோது ஒப்பரேசனுக்குக் கொண்டுபோக ஆயத்தமாகியிருந்தார்கள். தாதி மிஸ்ஸி ஒருவர் வெளியே வந்து, "பி பொசிட்டிவ் ரத்தம் காணாது. கூடப்பிறந்தவங்க ஆரும் இரிக்கீங்களா?" என்று கேட்டார்.

தங்கச்சிமாருக்கு வேறு குறூப். எனக்குத்தான் பி பொசிட்டிவ். நான் வாயைத் திறக்குமுன் மதினி அழுதுகொண்டே சொன்னார்.

"இவர் தம்பி, மிஸ்ஸி. ஆனா இவர் ரெண்டு மாசத்துக்கு முந்தித்தான் குடுத்தவர். இப்ப எடுக்க ஏலாதே."

"ஓம், நாலு மாசம் போகணும். வேற ஆரும் இருந்தாக் கூட்டி வாங்க. சுணங்காதீங்க."

இல்லை, நான் கொடுக்கவில்லை என்று சொன்னால் போதும். தங்கச்சிமார் நின்றார்கள், என் மனைவி நின்றாள், கந்தோர் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவ்வளவு பேருக்கும் முன்னால் என் பொய் உடைந்துபோகும் என்று நினைத்தேன். எனக்கு நாக்கு எழும்பவில்லை. ஒப்பரேசன் அறை வாசலில் கட்டிலில் கிடந்த காக்காவுக்கு அப்போதும் நினைவு இருந்தது. மெல்லிய குரலில் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"அவன விடுங்க மிஸ்ஸி. அவன் குடுத்து நாளாகல்ல. அவன்ட உடம்பும் பாக்கணும்."

மில் ஆட்கள் டிராக்டர் பெட்டியில் வந்து இறங்கினார்கள். நெல் தூசியைக் கழுவக்கூட நிற்காமல் வந்திருந்தார்கள். குறூப் பொருந்திய மூன்று பேரில் கதிரேசன் அண்ணனும் ஒருவர். அவர்கள் உள்ளே போய் வரும்வரை நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கந்தோர் ஆள் ஒருவர் என் தோளில் தட்டி, "கவலப்படாதீங்க, ஏலுமெண்டா நீங்க குடுக்காமலா இருப்பீங்க" என்றார். அந்த இடத்திலேயே நான் செத்திருக்கலாம்.

காக்கா பிழைத்தார். கொஞ்சம் கெந்தி நடந்தாலும் பழையபடி மில்லுக்குப் போனார், முகாம்களையும் நடத்தினார். பிறகு ஒவ்வொரு முகாமுக்கும் என்னைக் கூப்பிட்டார். ஒருமுறை காய்ச்சல் என்றேன், ஒருமுறை பிரஷர் என்றேன், இன்னொருமுறை நோன்பு பிடித்திருக்கிறேன் என்றேன். அதுவும் பொய். ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே, "உன்ட ரத்தம் குடுத்த கார்டக் காட்டன் தம்பி, பாப்பம்" என்றார். சோதனைச்சாவடியில் தொலைந்துபோனது என்று சொன்னேன். காக்காவின் சிரிப்பு நின்றது. "சரி மனே" என்றார். அதன்பின் எந்த முகாமுக்கும் அவர் என்னைக் கூப்பிடவில்லை. பள்ளிவாசல் படியிலும் என்னைப் பற்றிக் கதைக்கவில்லை. என்னோடு பாசமாக இருப்பதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சென்ற வருடம் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தவர் நெஞ்சு நோகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அல்லாஹ் அவரை அழைத்துக்கொண்டான். ஜனாஸா அடக்கத்தன்று பேசிய ஒருவர், "இரத்தம் கொடுத்த குடும்பம்" என்று எங்களைப் புகழ்ந்தார். இந்த மலருக்காகக் காக்காவின் மகன் தயாரித்த கொடையாளர் பட்டியலிலும் குடும்பத்தாரில் முதலாவதாக என் பெயர் இருந்தது. அதை வெட்டிவிடச் சொன்னேன். காரணம் கேட்டார். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

காக்காவுக்கு இரத்தம் தந்த மூவருக்கும், டிராக்டரில் கூட வந்தவர்களுக்கும், ஒப்பரேசன் செய்த டொக்டருக்கும் மிஸ்ஸிமாருக்கும், ஜனாஸாவில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காக்காவுக்குப் பிறகும் மில்லில் முகாமை விடாமல் நடத்தும் கதிரேசன் அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. மதினியிடம் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

போன மாதம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். படிவம் நிரப்பிய மிஸ்ஸி, "இதுக்கு முந்திக் குடுத்திரிக்கீங்களா?" என்று கேட்டார். "இல்ல மிஸ்ஸி. ஒருக்காலும் குடுக்கல்ல" என்றேன். ஊசி ஏறும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டேன்.

"முடிஞ்சிது. பத்து நிமிசமும் ஆகல்ல, எழும்புங்க" என்றார்.

இந்தப் பத்து நிமிடத்துக்குப் பயந்துதான் காக்காவின் கட்டிலருகே நான் வாய் மூடி நின்றேன். வாசிப்பவர்கள் அவருக்காகக் கை ஏந்தும்போது எனக்காகவும் ஒரு துஆக் கேளுங்கள். எங்கள் இருவரில் அது கூடுதலாகத் தேவைப்படுவது எனக்குத்தான்.

— தம்பி