என் வாயைக் கட்டிய பெருமாள்

போன ஐப்பசியில் என் மகன் டெங்கு காய்ச்சலில் இறந்தான். ஏழு வயது. காரியம் முடிந்த கையோடு என் வீட்டுக்காரர், மகள் யாழினியைக் கூட்டிக்கொண்டு தனக்கு வேலை இருக்கும் ஓசூருக்குப் போய்விட்டார். போகும்போது, "புள்ளைய நீதான் கொன்ன" என்றார். அதன்பிறகு என் போனை எடுக்கவேயில்லை. ஒரு பிள்ளை மண்ணுக்குள். இன்னொரு பிள்ளையின் குரலைக்கூடக் கேட்க முடியவில்லை. உத்திரமேரூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் பிள்ளைகள் சிரித்தாலே எழுந்து போய் அழுவேன். செத்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

மகளைக் கேட்டுக் கோர்ட்டில் மனு போட்டேன். அவர் வெளியூரில் இருந்ததால் வீடியோ காலில் சமரசம் பேசச் சொன்னார்கள். முதல் தடவை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். அண்ணன்கள் இரண்டு பேரும் பின்னால் நின்றார்கள். அவர் வாயைத் திறந்ததும் பெரிய அண்ணன், "இன்னாடா, பொண்ணத் தூக்கிக்கினு போய்ட்டு நாயம் பேசிக்கினு கீற?" என்று கத்தினார். நானும் கத்தினேன். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அவர் போனை வைத்துவிட்டார்.

இருவருக்கும் பொதுவாகச் சமரசம் பேச கோர்ட் போட்ட வக்கீலம்மா பிறகு என்னை மட்டும் அழைத்தார்.

"கூட யாரும் இருக்கக் கூடாதும்மா. நல்லா நெட் கிடைக்கிற ரூம்ல கதவச் சாத்திட்டு உக்காருங்க. ஹெட்போன் போட்டுக்குங்க. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க. தாங்க முடியலன்னா எங்கிட்ட தனியாப் பேசணும்னு கேளுங்க. முதல்ல, உங்களுக்கு என்ன வேணும்னு யோசிச்சு வைங்க."

யோசித்தேன். அவரை ஜெயிக்க வேண்டாம். என் பெண் வேண்டும். ஆனால் என் வாயை நானே நம்பவில்லை. திருமுக்கூடல் பெருமாள் சன்னதியில் நின்று, "அப்பா, போன புள்ளையக் கேக்கல. எம்பொண்ணு வேணும். அன்னிக்கி என் வாயக் கட்டிடு" என்று அழுதேன்.

அடுத்த தடவை பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் தனியாக உட்கார்ந்தேன். அவர் பழையபடியே, "ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போவாம சாவடிச்சிட்டா" என்றார். பதில் நாக்கு நுனியில் இருந்தது. நாக்கு எழவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது என் பொறுமை அல்ல. திரையில் அவர் முகம் மட்டும். சற்று நேரத்தில் அந்த முகம் உடைந்தது.

"இவ போன் பண்ணா மேடம். ஜொரம் கொதிக்குதுன்னு சொன்னா. நான்தான் காத்தால பாத்துக்கலாம்னு சொன்னேன்."

நான் சொல்ல நினைத்ததும் அதைத்தான். நான் சொல்லியிருந்தால் மறுத்திருப்பார்.

அன்று ஒப்புக்கொண்டபடி, கோடை விடுமுறையில் யாழினியைக் கொண்டுவந்து விட்டார். இப்போது என்னோடு இருந்து படிக்கிறாள். மாதம் ஒருமுறை அவர் வந்து பார்க்கிறார். நாங்கள் சேரவில்லை, சேர்வோம் என்றும் தோன்றவில்லை. மகனை நினைக்காத நாள் இல்லை. ஆனால் சாக வேண்டும் என்ற நினைப்பு போய்விட்டது. சமரசத்தில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பார்கள். அவரே சரி என்றதால் எழுதுகிறேன்.

தீராத வழக்கோடு தவிக்கும் அடியார்களே, நாளைக்கு நீங்களும் அப்படி ஒரு திரை முன்னால் உட்கார நேரலாம். சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். பெருமாளை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.